சீமை ஓட்டில் பதிந்த பெயர்

பாலக்காட்டில் ஹைதர் அலி கட்டிய கோட்டை இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஒலவக்கோடு. முதல் உலகப் போர் இந்த வட்டாரத்தைத் தொட்டது ஓட்டுச் சூளைகளின் வழியாக.

அவற்றை நடத்திய கிறிஸ்தவ அமைப்பான பாஸல் மிஷனின் தலைமையகம் சுவிட்சர்லாந்தில் இருந்தாலும், ஊழியம் செய்ய வந்தவர்களில் பெரும்பாலோர் தெற்கு ஜெர்மனிக்காரர்கள். 1834இல் மங்களூருக்கு வந்து சேர்ந்தார்கள். மதம் மாறியதால் சொந்தபந்தமும் பிழைப்பும் போனவர்களுக்கு வேலை தர நெசவாலை நடத்தினார்கள். 1865இல் ஓட்டாலை வந்தது. பிறகு கோழிக்கோடு, பாலக்காட்டு ஒலவக்கோடு, ஃபரோக் என்று பரவியது. நாம் சீமை ஓடு என்கிறோமே, அதுதான். ஒவ்வொரு ஓட்டிலும் மிஷன் பெயரை அச்சாகப் பதித்தார்கள்.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. மலபாரும் அன்று சென்னை மாகாணத்து மாவட்டம்தான். நேற்றுவரை பள்ளிக்கூடம் நடத்திய ஜெர்மானியப் பாதிரியார்கள் அரசின் கண்ணுக்கு எதிரிகளானார்கள். பலரை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். ஆலைகள் பறிமுதலாகி, போர் முடிந்ததும் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கைக்குப் போயின. தரங்கம்பாடியிலும் இதே கதைதான்: லைப்சிக் மிஷன் ஜெர்மானியர்கள் வெளியேற, பொறுப்பை ஸ்வீடன்காரர்கள் ஏற்றார்கள்.

ஆனால் கூரையை யார் பிரிப்பது? எதிரியின் பெயர் பதிந்த ஓட்டின் கீழேதான் ஜனங்கள் போர்க்காலம் முழுவதும் குடியிருந்தார்கள். பாலக்காட்டில் மிஷன் தொடங்கிய பள்ளி இன்றும் பி.இ.எம். (பாஸல் இவாஞ்சலிக்கல் மிஷன்) என்ற பழைய பெயரிலேயே நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாஸல் மிஷனைச் சேர்ந்த ஹெர்மன் குண்டர்ட் 1872இல் வெளியிட்ட மலையாளம் - ஆங்கில அகராதி. மலையாளம் கற்க வந்த ஆங்கிலேய அதிகாரிக்கே ஒரு ஜெர்மானியரின் உழைப்புதான் கைகொடுத்தது. ஆளைச் சிறை வைக்க முடிந்த அரசால் அந்த உழைப்பை ஒதுக்க முடியவில்லை. எதிரியின் பெயரையும் உழைப்பையும் ஒதுக்காத மலபாரின் பக்குவத்தை எண்ணும்போது எனக்குப் பெருமிதமாக இருக்கிறது. ஐரோப்பாவில் அன்று அது அரிதாக இருந்தது. அதற்குச் சாட்சி குண்டர்ட்டின் குடும்பத்திலேயே உண்டு.

குண்டர்ட்டின் மகள் மாரி தலச்சேரியில் பிறந்தவர். அவருடைய மகன்தான் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே. 1914 நவம்பரில் சூரிச் நாளிதழ் ஒன்றில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். போர்க்களத்துப் பகையை எதிரி நாட்டு இலக்கியத்தின் மீதும் கலையின் மீதும் ஏற்றாதீர்கள் என்று சக எழுத்தாளர்களிடமும் அறிஞர்களிடமும் மன்றாடினார். ஜெர்மன் பத்திரிகைகள் அவரைத் துரோகி என்று தூற்றின. பழைய நண்பர்கள் பலரும் விலகிப்போனார்கள்.