கட்சியைக் கைப்பற்றுவதா, புதுக்கட்சி காண்பதா: அமெரிக்கப் பழமைவாதிகளின் உத்தி விவாதம், 1975–1977

‘சிபேக்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பழமைவாத அரசியல் செயல் மாநாடு 1974-இல் அமெரிக்காவில் தொடங்கியது. வேட்பாளரை நிறுத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அதன் தீர்மானங்கள் எந்தக் கட்சியையும் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் 1975 மாநாட்டில் எழுந்த கேள்வி குடியரசுக் கட்சியின் எதிர்காலத்தையே தொட்டது: கட்சிக்குள் இருந்து போராடுவதா, வெளியேறிப் புதுக்கட்சி காண்பதா? மேடைப் பேச்சுகளைவிடத் தேர்தல் விதிகளே இந்த வழக்கை முடித்துவைத்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

வெளியேற நினைத்தவர்களின் மனத்தாங்கலுக்குக் காரணம் இருந்தது. தேர்தலைச் சந்திக்காமலே அதிபரான ஜெரால்ட் ஃபோர்டு 1974-இல் முன்னாள் அதிபர் நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கினார். 1964-இல் பழமைவாதிகளின் வேட்பாளர் கோல்ட்வாட்டரை எதிர்த்து நின்ற நெல்சன் ராக்ஃபெல்லரைத் துணை அதிபராக்கினார். 1974 நவம்பரில் ஜனநாயகக் கட்சி கீழவையில் 49 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. ‘நேஷனல் ரிவியூ’ இதழின் வெளியீட்டாளர் வில்லியம் ரஷர் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். வரிச்சுமையை எதிர்ப்போர் குடியரசுக் கட்சியிலும், சமூக மாற்றங்களை வெறுக்கும் உழைக்கும் மக்கள் ஜனநாயகக் கட்சியிலும் பிரிந்து கிடக்கிறார்கள். இருவரும் சேர்ந்தால் அதுவே பெரும்பான்மை, அவர்களைச் சேர்க்கப் பழைய கட்சிப் பெயர் உதவாது என்றார் அவர். வாக்காளரைப் பற்றிய அவர் கணிப்பு சரி. கருவியைப் பற்றியதே பிழை.

மாநாடு செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் தலைமையில் மாற்று வழிகளை ஆராய ஒரு குழுவை அமைத்தது. வாக்குச்சீட்டில் புதுக்கட்சிக்கு இடம் பெறுவது பற்றிய மாநிலச் சட்டங்களும் அதன் ஆய்வில் அடங்கின. கையொப்ப எண்ணிக்கை, கெடு எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மறுபுறம், 1968-க்குப் பின் ஜனநாயகக் கட்சி செய்த சீர்திருத்தங்களால் மாநிலச் சட்டங்கள் மாறி, கட்சி வேட்பாளர் தேர்வில் வாக்காளரே வாக்களிக்கும் முதனிலைத் தேர்தல்கள் இரு கட்சிகளிலும் பெருகியிருந்தன. புதுக்கட்சியைப் பதிவு செய்வதற்கே செலவாகும் உழைப்பைக் கொண்டு பழைய கட்சியின் வேட்பாளர் தேர்வையே மாற்ற முயலலாம் என்ற நிலை உருவாகியிருந்தது. அதே மாநாட்டில் ரொனால்ட் ரீகனும் புதுக்கட்சியைக் காட்டிலும் புத்துயிர் பெற்ற குடியரசுக் கட்சியையே வேண்டினார்.

1976 மார்ச்சில் இந்த வழியும் அடைபட்டதாகவே தோன்றியது. கட்சியின் வேட்பாளராக ஃபோர்டை எதிர்த்துப் போட்டியிட்ட ரீகன், நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார்; ஃப்ளோரிடாவிலும் இல்லினாயிலும் தோற்றார். பிரசாரக் குழு கடனில் மூழ்கியிருந்தது. விலகிவிடும்படி நெருக்கமானவர்களே யோசனை சொன்னார்கள். வட கரோலைனாவில் ஹெல்ம்ஸும் வழக்கறிஞர் டாம் எல்லிஸும் வேறு வழியைப் பிடித்தார்கள். முன்பே பதிவான ரீகனின் அரைமணி நேரப் பேச்சை மாநிலத் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்ப வைத்தார்கள். பனாமா கால்வாயை விட்டுக்கொடுப்பதா என்ற கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். வேட்பாளரைச் சாராமல் பிறர் செய்யும் தேர்தல் செலவுக்கு வரம்பு கூடாது என்று அவ்வாண்டு ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததால், அமெரிக்கப் பழமைவாத ஒன்றியம் தனியாகவே ரீகனுக்காகச் செலவிட முடிந்தது. மார்ச் 23 அன்று ரீகன் வென்றார். பதவியிலிருக்கும் அதிபரை ஒரு மாநில முதனிலைத் தேர்தலில் அவர் வீழ்த்தியது அதுவே முதன்முறை.

ரஷர் தேடிய கூட்டணி கண்முன்னே தெரிந்தது டெக்சாஸில். அங்கு வாக்காளர் கட்சிவாரியாகப் பதிவதில்லை. விரும்பிய கட்சியின் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கலாம். ரஷர் சொன்ன உழைக்கும் மக்களின் ஆதரவைப் பெற்றிருந்த ஜார்ஜ் வாலஸ், ஜனநாயகக் கட்சிப் போட்டியில் ஜிம்மி கார்ட்டரிடம் தோற்றுத் தளர்ந்திருந்த வேளை அது. அவருடைய ஆதரவாளர் பலர் மே 1 அன்று குடியரசுக் கட்சி வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். கட்சி மாநாட்டுக்கு அன்று தேர்வான 96 பேராளர்களும் ரீகன் பக்கம். புதுக்கட்சி திரட்ட வேண்டிய மக்களைப் பழைய கட்சியின் தேர்தலே திரட்டிவிட்டது.

ஆனால் முதனிலைத் தேர்தல் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. எப்பக்கமும் சேராத பேராளர்களை இழுக்க, பென்சில்வேனியாவின் தாராளவாத செனட்டர் ரிச்சர்டு ஷ்வைக்கரைத் துணை அதிபர் வேட்பாளராக ரீகன் அறிவித்தார். பழமைவாதிகள் கொதித்தார்கள், மிசிசிப்பி கைநழுவியது. ஃபோர்டும் தன் துணை வேட்பாளரை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற விதித்திருத்தம் கேன்சஸ் சிட்டியில் கூடிய கட்சி மாநாட்டில் 1,180-க்கு 1,069 என்ற கணக்கில் தோற்றது. வேட்பாளர் தேர்விலும் ஃபோர்டு 1,187, ரீகன் 1,070. தொண்டர்கள் வாக்குச்சாவடியில் ஈட்டியதைத் தலைமையின் பேரம் சிதறடித்தது என்றே இதை மதிப்பிட வேண்டும்.

அதே ஆகஸ்டில் ரஷரும் நேரடி அஞ்சல் நிபுணர் ரிச்சர்டு விகேரியும் சிகாகோவில் கூடிய அமெரிக்க சுயேச்சைக் கட்சியை நாடினார்கள். பல மாநில வாக்குச்சீட்டுகளில் அக்கட்சிக்கு ஏற்கெனவே இடம் இருந்தது. அந்த இடத்துக்கு உரியவர்களோ இனப்பிரிவினைவாதியான லெஸ்டர் மேடக்ஸை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். கையொப்பம் திரட்டும் சிரமத்தைத் தவிர்க்க இன்னொருவர் கட்சிக்குள் புகுந்தவர்கள் அங்கேயும் சிறுபான்மையாகவே நின்றார்கள். நவம்பரில் மேடக்ஸ் பெற்றது இரண்டு இலட்சத்துக்கும் குறைவான வாக்குகள்.

ஃபோர்டு கார்ட்டரிடம் தோற்றபின், 1977 பிப்ரவரி சிபேக் மாநாட்டில் ரீகன் பேசினார். பொருளாதாரப் பழமைவாதிகளையும் சமூகப் பழமைவாதிகளையும் குடியரசுக் கட்சிக்குள்ளேயே இணைப்பதுதான் அவர் முன்வைத்த திட்டம். ரஷர் கோரிய கூட்டணி அது. 1980-இல் முதனிலைத் தேர்தல்கள் வழியாகவே ரீகன் கட்சியின் வேட்பாளரானார்.