ஊர்தியில் அமர்ந்த ஆசான்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானை நோக்கிக் கூட்டரசு நெடுஞ்சாலையில் விரையும் கார்களுள் ‘பி’ எழுத்து ஒட்டியவை பல. வாகனமோட்டும் உரிமத்தைப் புதிதாகப் பெற்றோர் ஈராண்டுக் காலம் அவ்வெழுத்தைத் தாங்கிச் செல்லவேண்டும் என்பது மலேசியச் சட்டம். அருகிருந்து கற்பித்த ஆசிரியர் இப்போது உடனில்லை. அவருடைய பணியின் ஒரு பகுதியைக் கருவிகள் ஏற்றுக்கொண்ட வரலாறு அறியத்தக்கது.

1959ஆம் ஆண்டில் வால்வோ நிறுவனத்துப் பொறியாளர் நில்ஸ் போலின், தோளையும் இடையையும் ஒருசேரப் பிணைக்கும் இருக்கை வாரை உருவாக்கினார். பிற நிறுவனங்களும் அதனைப் பயன்படுத்த வால்வோ இசைந்தது. மலேசியாவில் முன்னிருக்கையினர்க்கு அது 1979இல் கட்டாயமாயிற்று. பின்னிருக்கையினர்க்கோ 2009இல்தான் கட்டாயமாயிற்று. இடையில் கழிந்தவை முப்பது ஆண்டுகள்! பின்னாளில், வாரை அணிய மறந்தோரைக் காரே ஒலியெழுப்பி நினைவூட்டலாயிற்று.

அடுத்து வந்தது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக். பாஷ் நிறுவனம் உருவாக்கிய இதனை 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் தன் காரில் பொருத்தியது. அதற்கு முன்பு, ஈரச் சாலையில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். ஊர்தி ஓட்டுநரின் கைக்கு அடங்காது. ஆதலால், “விட்டுவிட்டு மிதி” என்று மூத்தோர் கற்பித்தனர். புதிய கருவி அவ்வேலையை நொடிக்குப் பல முறை தானே செய்கிறது. ஓட்டுநர் விடாது அழுத்தி மிதித்து, ஊர்தியைத் திருப்பினால் போதும். அப்போது மிதி காலடியில் அதிரும், அது பழுதன்று. இதனை அறியாத இளைஞர் அஞ்சிக் காலை எடுத்துவிட்டால், கருவி இருந்தும் பயனில்லை. தந்தை கற்பித்த நற்பாடமே மகனின் காரில் பிழையாகிவிடுகிறது.

2017ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை மைவி காரின் உயர்வகையில், மோதல் நேரவிருப்பதைக் கண்டு எச்சரித்து, வேண்டுமிடத்துத் தானே பிரேக்கிடும் கேமராக் கருவி இடம்பெற்றது. தடையொன்று முன்னிருக்கையில், பிரேக்கென எண்ணி முடுக்கியை மிதிக்கும் தவற்றையும் அது கட்டுப்படுத்தும். புதியோர்க்கு இது பெருந்துணையே. ஆயினும், கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலைப் பெருமழையில் மனிதக் கண்ணைப் போலவே கேமராவின் கண்ணும் மங்கும்.

எனவே, கருவி மாறுந்தோறும் பாடமும் மாறவேண்டும். காரின் சாவியை மகனிடமோ மகளிடமோ கொடுக்கும் பெற்றோர், அக்காரில் உள்ள கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முதலில் தாம் கற்று, பின்னர் அவர்க்குக் கற்பிப்பாராக.