கொழும்பு நூதனசாலையின் ஆண்டு வரிசையும் எங்க லயத்து 1948-உம்

பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயில் பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். இரவு ரயிலில் ஏறினால் சுமார் பத்து மணித்தியாலம் குலுங்கிக்கொண்டு போகணும். 2023-ல் நாங்க நாலு பேர் அப்படிப் போனது ஒரு கண்காட்சி பார்க்க. வீட்டில் சொன்னபோது, "படம் பாக்கிறதுக்கா கொழும்புக்கு? பதுளையில தியேட்டர் இல்லியா?" என்று கேட்டார்கள். அந்தப் படம் இல்லை என்று விளக்குவதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

நாங்க போன இடம் இலங்கை நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம். நம்ம பாடப்புத்தகத் தமிழில் சொன்னால் நூதனசாலை. கொள்ளுப்பிட்டியில் கிரெஸ்கட் என்ற கடைத்தொகுதிக்குள் இருக்கிறது. 2019 டிசம்பரில் கொழும்பில் வேறொரு கட்டடத்தில் திறந்தார்கள். சில மாதத்திலேயே கொரோனா வந்து நாடே பூட்டிக்கிடந்தது. பிறகுதான் கிரெஸ்கட்டுக்கு இடம் மாறினார்கள். இதன் தலைமைக் காட்சியமைப்பாளர் ஷர்மினி பெரேரா. மற்ற நூதனசாலை போல சிம்மாசனமும் வாளும் கல்வெட்டும் இங்கே கிடையாது. ஒரு கருப்பொருளை எடுத்து, மாதக்கணக்கில் ஒரு கண்காட்சி நடத்துவார்கள். அது முடிந்தால் அடுத்தது. குறிப்புகள் மூன்று மொழியிலும் இருக்கும். தமிழ் ஒரு மூலையில் ஒட்டவைத்ததாக இல்லாமல், நின்று வாசிக்கிற மாதிரியே இருந்தது.

நாங்க சொல்ல வருவது ஒரு கண்காட்சியைப் பற்றி மட்டுமில்லை, அந்த வரிசையைப் பற்றி. ஒரு நூதனசாலை எந்த வருஷம் எதைக் காட்டுகிறது என்ற பட்டியலும் ஒரு சரித்திரப் புத்தகம்தான். எந்த ஆண்டில் தொடங்குகிறது, யாருடைய வீட்டைக் காட்டுகிறது, யாரை வெளியாள் என்கிறது, எல்லாம் அதில் தெரியும். தோட்டத்துப் பிள்ளைகளான நாங்க அந்தப் பட்டியலை வாசித்தால் வேறொரு புத்தகம் கிடைக்கிறது.

முதல் கண்காட்சியின் பெயர் நூறாயிரம் சின்னஞ்சிறு கதைகள் என்று பொருள்படும். பெயரைக் கவிஞர் சேரனின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்திருந்தார்கள். முதலில் 2018-ல் டாக்கா கலைவிழாவில் வைக்கப்பட்டு, அப்புறம் கொழும்புக்கு வந்தது. இலங்கை சுதந்திரம் அடைந்த காலத்திலிருந்து இன்றுவரையான கலையை எடுத்துச் சொல்வது அதன் நோக்கம். அதாவது கதை 1948-ல் தொடங்குகிறது.

1948 என்றதும் மற்றவர்களுக்கு பெப்ரவரி 4 ஞாபகம் வரும். எங்களுக்கு அந்த வருஷக் கடைசிதான் ஞாபகம் வரும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அதில் பதுளைத் தொகுதியில் வென்றவர் எஸ்.எம். சுப்பையா. தலவாக்கலையில் வென்றவர் சி.வி. வேலுப்பிள்ளை, பின்னாளில் நாம் கவிஞராக அறிந்தவர். ஒரு வருஷம் கழித்து 1948-ன் 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அப்பா இலங்கையில் பிறந்தவர், இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டணும். பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத தோட்டத்தில் பூட்டனின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கு எங்கே போவது? அடுத்த வருஷம் ஓட்டும் போனது. 1952 தேர்தலில் அந்த ஏழு பேரில் ஒருத்தரும் பாராளுமன்றத்துக்குப் போகவில்லை. சுதந்திரத்தில் தொடங்கும் எந்தக் கலை வரலாற்றையும் நாங்க இந்த இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அது நூதனசாலையின் குற்றமில்லை. ஆனால் ஒரே வருஷம் ஒரு சுவரில் தொடக்கமாகவும் இன்னொரு சுவரில் முடிவாகவும் இருக்கலாம் என்பது அந்த அறைக்குள் நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். எங்க ஆட்களின் படம் உலக நூதனசாலைகளில் முன்னாலேயே இருக்கிறது. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 19-ம் நூற்றாண்டின் பெரிய புகைப்படக்காரர்களில் ஒருவர். ஹெர்ஷெல், டார்வின், டென்னிசன் எல்லாரையும் படம் எடுத்தவர். அவருடைய கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875-ல் இருவரும் இங்கேயே குடிவந்தார்கள். களுத்துறையில் இருந்தபோது உள்ளூர் ஆட்களையும், தமிழ்த் தொழிலாளிகளையும் வேலைக்காரர்களையும் படம் பிடித்தார். இலங்கையில் எடுத்ததில் இன்று மிஞ்சியிருப்பது முப்பதுக்கும் குறைவு என்கிறார்கள். 1879-ல் டிக்கோயாவில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது. டார்வினைப் படம் எடுத்த கை மலைநாட்டு மண்ணில்தான் கிடக்கிறது.

அந்த இலங்கைப் படங்களில் ஒன்று 1878-ல் எடுத்தது, களுத்துறைக் குடியானவர்கள் மூன்று பேர். அந்தப் பெண்ணுக்கு 12 வயசு என்றும், கிழவர் தன்னை அவளுடைய அப்பா என்றும் தனக்கு நூறு வயசு என்றும் சொல்கிறார் என்றும் குறிப்பு எழுதியிருக்கிறார் கேமரன். வயசு எழுதியவர் பேரை எழுதவில்லை. டார்வின் படத்தின் கீழே டார்வின் என்றிருக்கும். இங்கே குடியானவர்கள். பேர் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்களா?

அப்புறம் வந்தது தேயிலை விளம்பரம். 1890-ல் தோமஸ் லிப்டன் இங்கே தோட்டங்கள் வாங்கினார். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்ன தொழிற்சாலை அவர் கட்டியது. கூடை சுமந்து சிரிக்கும் தமிழ்ப் பொம்பளைகளின் படம் தேயிலை விளம்பரங்களில் உலகமெல்லாம் சுற்றியது. இன்றும் லிப்டன் சீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சுற்றுலாப் பயணிகள் எடுப்பது அதே படம்தான். கொழுந்து, கூடை, சிரிப்பு. மழைக்குச் சுற்றிய படங்குச் சாக்கும் அட்டை கடித்த காலும் அந்தச் சட்டத்துக்குள் வராது.

எங்களுக்குள்ளே பேசிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. எங்க நாலு வீட்டில் மூன்றில் பாட்டியின் இளவயதுப் படம் என்று இருப்பது பாஸ்போட்டுக்கு எடுத்தது. 1964 ஒக்டோபர் 30-ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். அதற்காகத்தான் டவுண் ஸ்டூடியோவில் வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். சில பேர் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போய்விட்டார்கள். எங்க பாட்டிமார் எழுதிக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றுவிட்டவர்கள். ஆக, பேரோடும் இலக்கத்தோடும் எங்க வீட்டில் இருக்கிற முதல் படம், நாட்டை விட்டு அனுப்புவதற்கு எடுத்த படம்.

நாங்க பார்க்கப் போன 2023 கண்காட்சி '88 ஏக்கர்'. கண்டியில் மகாவலிப் பக்கம் வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தைப் பற்றியது. வரைந்தவர் மினெட் டி சில்வா. 1918-ல் கண்டியில் பிறந்து, 1948-ல் பிரிட்டிஷ் கட்டடக்கலை நிறுவனத்தில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண். (பாருங்க, மறுபடி 1948.) 1998-ல் இறந்தார், அவருடைய வாழ்க்கையும் வேலையும் பற்றிய புத்தகமும் அதே வருஷம்தான் வெளிவந்தது. 1950-களில் அரசாங்க ஊழியர்களுக்காக அவர் இந்தத் திட்டத்தைச் செய்தபோது ஒரு காரியம் பண்ணினார். வரைவதற்கு முன்னாடி, குடிவரப் போகிறவர்களிடம் கேள்விப் பத்திரம் கொடுத்து, எப்படி வாழ்கிறீர்கள், எப்படி வீடு வேணும் என்று கேட்டார். பல இனத்து ஆட்கள், பல விதமான சமையல், பல விதமான சாமி. பதிலைப் பார்த்துத்தான் வீட்டு வகைகளை வரைந்தார்.

அந்த இடத்தில் எங்களில் ஒருத்தி நகராமல் நின்றுவிட்டாள். "எப்படி வீடு வேணும்னு கேட்டாங்களாம்டி" என்று மட்டும் சொன்னாள்.

வட்டப்புளுவயிலிருந்து மலையேறினால் லயம் வந்துவிடும். காப்பிக் காலத்தில் கூட்டமாக வந்து போகும் ஆட்களை அடைக்கப் போட்ட நீட்டு வரிசைதான் லயம். ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு. ஆள் குடும்பமாகிப் பிள்ளை குட்டி ஆனபிறகும் அளவு மாறவில்லை. யாரும் கேள்விப் பத்திரம் கொண்டு வரவில்லை. துரையும் கம்பெனியும் மாறி, 70-களில் அரசாங்கம் எடுத்து, 90-களில் மறுபடி கம்பெனிக்குப் போனது. லயம் அப்படியே நின்றது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. சரியக்கூடிய இடம் என்று முன்னாலேயே எச்சரிக்கை இருந்தது. போவதற்கு வேறு வீடுதான் இல்லை.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011-ல் ஒரு புத்தகம் செய்தார், முடிவுறாத தோம்பு என்று பெயர் சொல்லலாம். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரில் வீடிழந்தவர்களிடம், இழந்த வீட்டின் தளப்படத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொல்லி, அவர்களுடைய கதையோடு சேர்த்துத் தொகுத்தார். அதை வெளியிட்டதும் ஷர்மினி பெரேராவின் ரேக்கிங் லீவ்ஸ்தான். அந்தப் புத்தகத்தையும் '88 ஏக்கரை'யும் பக்கத்தில் வைத்தால் எங்க கேள்வி தானாக வருகிறது. அவர்களுக்கு இழக்க ஒரு வீடு இருந்தது, காணியில் ஒரு பேர் இருந்தது. உறுதிப் பத்திரமே இல்லாத காம்பராவுக்கு யார் தோம்பு எழுதுவது? (வலியை வலியோடு தராசில் வைக்கவில்லை. எங்க நிலைமையின் வடிவம் வேற, அவ்வளவுதான்.)

அந்த வருஷக் கடைசியில் அடுத்த கண்காட்சி வந்தது, பெயர் 'த ஃபொரினர்ஸ்', அதாவது வெளியாட்கள். அதற்கு எங்களால் போக முடியவில்லை, ரயில் காசு சேரவில்லை. தலைப்பை வாசித்துவிட்டுச் சிரித்தோம். கள்ளத்தோணி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த ஆட்களிடம் இந்தத் தலைப்பைக் காட்டினால் வேற என்ன செய்வது.

எங்க கதையைச் சொல்ல நூதனசாலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. கண்டி ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைத் தேயிலை நூதனசாலையாக்கி 2001-ல் திறந்தார்கள். மெஷின் பார்க்க நல்ல இடம். ஆளைப் பார்க்கணும் என்றால் றம்பொடைக்குப் போகணும். அங்கே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007-ல் பழைய லயக் காம்பராவையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது. நாங்க பார்த்ததிலேயே அறையும் பொருளும் ஒன்றாக இருக்கிற நூதனசாலை அது ஒன்றுதான். இன்று கையில் தூரிகை பிடிக்கிற எங்க தலைமுறையும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரம் படித்த ஹனுஷா சோமசுந்தரம் தேத்தண்ணி வடியையே ஓவியப் பரப்பாக எடுத்தவர். கூடை சுமந்த படத்தை மறுபடி வரைவதைவிட, சாயம் மிஞ்சுகிற வடியைக் கையில் எடுத்தது எவ்வளவு கெட்டித்தனம்!

இதில் ஊவா எங்கே? பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களில் ஆண்டு வரிசை என்றால் மாசியில் காமன் கூத்து, அப்புறம் அம்மன் திருவிழா. அதுவும் ஒரு ஆண்டு நிகழ்ச்சிதான், குறைத்துச் சொல்லவில்லை. 2023-ல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை நடந்தார்கள். நடந்த பாதையே ஒரு கண்காட்சி மாதிரி இருந்தது. நடை முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்கு, அதாவது லயத்துக்கு, திரும்பினார்கள்.

அதனால் நாங்க சின்னதாக ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். கொழும்பில் பார்த்த அந்தக் கேள்விப் பத்திரத்தைத் திருடிக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்க. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு லயத்துக்குப் போகிறோம். பெரியவர்களிடம் கொப்பித் தாளும் பென்சிலும் கொடுத்து, அவங்க காம்பராவை அவங்களையே வரையச் சொல்கிறோம். கூடவே, வேற மாதிரி இருந்தால் எப்படி இருக்கணும் என்று இன்னொரு தாள். கீழே பேர் எழுதுகிறோம், வயசு அவங்க விருப்பம். இதுவரை பதினேழு தாள் சேர்ந்திருக்கிறது. வருஷக் கடைசியில் பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டுவதாக எண்ணம்.

போன மாதம் பசறைப் பக்கம் ஒரு பாட்டி வரைந்தார். முதலில் அடுப்பு, அப்புறம் சாமிப் படம், அப்புறம் இந்தியாவுக்குப் போன தங்கச்சி படுத்த மூலை. சுவரைக் கடைசியாகத்தான் போட்டார்.

"நீள அகலம் எவ்வளவுன்னு எழுதலியா பாட்டி?" என்று கேட்டோம்.

"அளவு தொரைகிட்ட இருக்கும், போய்க் கேளு" என்று சொல்லிவிட்டு இரண்டாவது தாளை இழுத்துக்கொண்டார்.