மூவார் ஆற்றங்கரைப் போர்: செவிவழிச் செய்தியும் வரலாற்று உண்மையும்

செவிவழிச் செய்திகளில் உண்மையும் கற்பனையும் பாலும் நீரும்போல் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரித்தறிவது பின்வந்தோர் கடமையாகும். இந்தியச் சிப்பாய்கள் போரிடாமல் ஓடியதாலேயே மலாக்காவும் மூவாரும் ஜப்பானியர் வசமாயின என்னும் பேச்சும் அவ்வாறு ஆராயத்தக்கதே.

முதலாவதாக, மலாக்கா நகரில் பெரும்போர் எதுவும் நிகழவில்லை. 1942 ஜனவரியில் பிரிட்டிஷார் தங்கள் தற்காப்பு அரணை, மலாக்காவிற்கு அப்பால் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், ஜொகூரின் மூவார் ஆற்றங்கரையில் அமைத்தனர். மலாக்காவைக் கைவிட்டது மேலிடத்தின் முடிவு, சிப்பாய்களின் கோழைத்தனமன்று.

இரண்டாவதாக, ஆற்றைக் காக்க அனுப்பப்பட்டோர் யாவர்? ராஜபுதன ரைபிள்ஸ், ஜாட், கார்வால் ஆகிய பட்டாளங்களைக் கொண்ட 45ஆவது இந்தியப் பிரிகேட். மத்திய கிழக்குப் போருக்கெனத் திரட்டப்பட்ட இப்படை, ஜனவரி 3ஆம் நாள்தான் சிங்கப்பூரில் வந்திறங்கியது. பயிற்சி நிறைவுபெறாத இளைஞர்களே அதில் மிகுதி. அவர்களிடம் 24 மைல் நீளமுள்ள ஆற்றங்கரை ஒப்படைக்கப்பட்டது. ஆஸ்திரேலியத் தளபதி கார்டன் பென்னட்டின் கட்டளைப்படி, ஒரு பகுதியினர் ஆற்றைப் பின்னால் விட்டு வடகரையில் நிறுத்தப்பட்டனர். எதிரில் வந்ததோ ஜப்பானிய அரசக் காவற்படை.

ஜனவரி 15ஆம் நாள் வடகரையினர் முறியடிக்கப்பட்டனர். எதிரிகள் படகுகளில் ஆற்றைக் கடந்தனர். மறுநாள் மூவார் வீழ்ந்தது. நிலைகுலைந்து சிதறியோர் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அப்போர் முடிவதற்குள் மூன்று பட்டாளத் தலைவர்களும் களத்தில் மாண்டனர். பிரிகேட் தலைவர் டங்கன், எதிர்த்தாக்குதலை முன்னின்று நடத்தி உயிர்நீத்தார். எஞ்சியோர் ஆஸ்திரேலியருடன் சேர்ந்து, பாக்ரியிலிருந்து பாரிட் சூலோங் வரை போரிட்டவாறே பின்வாங்கினர். அங்கே நகர முடியாமல் விடப்பட்ட காயமுற்றோரில் ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் ஜப்பானியரால் கொல்லப்பட்டனர்.

மலாயாப் படைத்தலைவர் பெர்சிவலே, இப்பிரிகேட் போருக்கு ஆயத்தமாக இருக்கவில்லை எனப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். எனவே, பழி ஆயத்தமற்றோரை அனுப்பியவர்க்கே உரியது.

அப்பட்டாளங்களில் இந்துக்களும் இசுலாமியரும் தோளோடு தோள் நின்றனர். அவர்களுள் எரியூட்டவோ அடக்கம் செய்யவோ உறவினர் அருகில்லாது மறைந்தோர் பலர். கல்லறையறியா வீரர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. முன்னோரை நினைந்து வழிபடும் அன்பர்கள், அவதூறு நீக்கி அவர்களையும் நினைவுகூர்வது அறமாகும்.