ஸ்வீடன் கத்தியும் சேலத்து உருக்கும்

வத்தல்மலைக் காப்பித் தோட்டத்தில் எங்களுக்குக் கொடுவாள்தான் பழக்கம். மருமகன் வாங்கி வந்ததோ ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனா ஊர் மடக்குக் கத்தி. உருளை மரப்பிடியிலிருந்து உலோகச் சட்டத்தை உருவி, அலகை விரித்து, மறுபடி பிடிக்குள் செருக வேண்டும். அப்புறம் மடங்காது, துளியும் ஆடாது. பாக்கு சீவுவதற்குள் வெற்றிலை வாடிவிடும் என்பது வேறு கதை. ஆனால் உருக்கு நல்ல உருக்கு. கவாத்துக் கிளையைச் சீவியும் முனை மழுங்கவில்லை.

அந்த உருக்குக்கும் நமக்கும் பழைய போட்டி உண்டு. வத்தல்மலை இருக்கும் தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்து இரும்பை ஆவாரங்குச்சியோடும் எருக்கிலையோடும் மண்குகையில் (மூசையில்) அடைத்து, கரியுலையில் உருக்காக்கினார்கள். 1839-இல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இதை எழுதிவைத்தார். ஷெஃபீல்டு பட்டறைகள் அன்று ஸ்வீடன் இரும்பையே நம்பியிருந்தன. அந்தச் சந்தையைச் சேலத்துத் தாதுவால் பிடிக்கத்தான் அவர் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்தார். உலைக்குக் கரி கொடுத்தே காடு மெலிந்தது, ஆலை நிலைக்கவில்லை. நம் குகை உருக்கும் சீமை இரும்பின் மலிவு விலைமுன் நிற்க முடியாமல் போனது.