வினைத்திறன்காண் தடை

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. பல தலைமுறைகளாக வீட்டுத் திண்ணைகளிலும் கலியாணப் பேச்சுக்களிலும் ஒலித்த இந்த வாக்கியத்தில் ஒரு சமுதாயத்தின் ஆசையும் அச்சமும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன. அந்த ஆசையைச் சுமந்துகொண்டே காலந்தோறும் இளைஞர்கள் கொழும்புக்கு வந்தார்கள். இன்றும் காலை வேளையில் கல்கிசையிலிருந்து கோட்டைக்குக் கடலோரமாகச் செல்லும் புகையிரதத்தில் நின்றால், தெகிவளையிலும் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் அந்த ஆசையின் வாரிசுகள் ஏறுவதைக் காணலாம்.

உயர்தர வகுப்பை முடித்து வெளியேறும் எமது மாணவர்கள் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "கந்தோர் வேலையில் சிறந்து விளங்குவது எப்படி?" கடைகளில் இதற்கு விடை சொல்லும் நூல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. நேரத்தோடு எழு, பட்டியல் போடு, மேலதிகாரியின் மனமறிந்து நட, ஒரு மணி நேரத்தில் இரண்டு மணி நேர வேலையை முடி என்று அவை போதிக்கின்றன. இவற்றிற் சில பயனுள்ளவையே, மறுப்பதற்கில்லை. ஆனால் 'சிறந்த ஊழியன்' என்ற அளவுகோலை வகுத்தவர் யார்? யாருடைய நன்மைக்காக அது வகுக்கப்பட்டது? இந்தக் கேள்விகளை அந்நூல்கள் எழுப்புவதில்லை. கொழும்பிலே தமிழ் எழுதுவினைஞரின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு இவற்றைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

'கந்தோர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். ஆளவந்தவனின் கணக்கு எழுதப்பட்ட இடமே முதலில் கந்தோர். பின்னர் வந்த பிரித்தானியர் அதைப் பெரிதாக்கினர். 1833இல் நடைமுறைக்கு வந்த கோல்புறூக்-கமரன் சீர்திருத்தங்கள் அரசாங்க சேவையின் கதவை இலங்கையருக்குத் திறந்துவிட்டன. ஆங்கிலக் கல்விக்கும் ஊக்கமளித்தன. இதனை வெறும் தாராள மனப்பான்மை என்று கருதுவது பேதைமை. இங்கிலாந்திலிருந்து ஒருவனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து கணக்கெழுத வைப்பதிலும், ஆங்கிலம் கற்ற சுதேசியை அமர்த்துவது மலிவானது. அந்த மலிவிலேதான் எமது மத்தியதர வர்க்கம் பிறந்தது.

யாழ்ப்பாணம் இதற்கு ஏற்ற நிலமாயிருந்தது. ஆறில்லாத ஊர், கிணற்று நீரும் பனையும் சிறு துண்டுக் காணியுமே பெரும்பாலோரின் சொத்து. அமெரிக்க மிசன் 1823இல் வட்டுக்கோட்டையிலே தொடங்கிய செமினரி 1855 வரை நடைபெற்றது. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற தமிழறிஞர்கள் அங்கே பயின்றவர்களே. ஆயினும் அதன் வழிவந்த ஆங்கிலப் பாடசாலைகளிற் கற்றோரிற் பெரும்பாலோர் சென்றடைந்த இடம் கந்தோர் மேசையே. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இல் காங்கேசன்துறையை எட்டியபின் கொழும்பு ஓர் இரவுப் பயண தூரமாயிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் 'சமறி' எனப்பட்ட கூட்டுக் குடியிருப்புகளில் நாலைந்து பேர் ஓர் அறையில் தங்கி, ஊருக்கு மணியோடர் அனுப்பினார்கள். தங்கையின் சீதனமும் தம்பியின் படிப்பும் அந்தக் காசிலேதான் தங்கியிருந்தன. மேலதிகாரியின் முன் அவர்கள் நிமிர்ந்து பேசத் தயங்கியதன் காரணத்தை இங்கேதான் தேடவேண்டும்.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். இந்தக் கதவு எல்லாத் தமிழருக்கும் திறந்திருக்கவில்லை. ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம் செலுத்த வல்லோரும், சாதியின் பெயரால் வாசலில் நிறுத்தப்படாதோருமே உள்ளே நுழைந்தார்கள். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வரும்வரை ஏழையின் பிள்ளைக்குக் கந்தோர் ஒரு கனவு. 'தமிழ் எழுதுவினைஞனின் திறமை' என்று பெருமை பேசுவோர், அந்தத் திறமையைக் காட்டும் வாய்ப்பே மறுக்கப்பட்டோரையும் நினைவிற்கொள்வது அறம்.

அக்காலத்தில் வினைத்திறன் என்பது என்ன? இங்கிலாந்திலே 1854இல் வெளிவந்த நோர்த்கோட்-ட்ரெவெலியன் அறிக்கை அரசாங்க வேலையை இரண்டாகப் பிரித்தது. அறிவாற் செய்யும் வேலை ஒன்று. இயந்திரம்போற் செய்யும் வேலை மற்றொன்று. முன்னது உயர்கல்வி கற்ற சிலருக்கு. பின்னது பிரதியெடுக்கும் பலருக்கு. குடியேற்ற நாட்டில் இந்தப் பிரிவு நிறப்பிரிவாகவும் அமைந்தது. சிந்திப்பவன் பெரும்பாலும் வெள்ளையன், எழுதுபவன் சுதேசி. அழகான கையெழுத்து, பிழையற்ற ஆங்கிலம், வேகமான தட்டெழுத்து, கேள்வி கேளாமை ஆகியவையே எழுதுவினைஞனின் இலட்சணங்கள். 1911இல் அமெரிக்கரான டெயிலர் தொழிற்சாலை உழைப்பை நிமிடக் கணக்கில் அளக்கும் 'விஞ்ஞான முகாமை'யை நூலாக்கினார். 1917இல் லெஃபிங்வெல் என்பார் அதே அளவுகோலை அலுவலகத்துக்கும் கொண்டுவந்தார். இவ்வாறு எழுதுவினைஞனும், தன்னை அவன் ஒருபோதும் ஒப்பிட விரும்பாத ஆலைத்தொழிலாளியும், ஒரே கடிகாரத்தின் கீழ் நிறுத்தப்பட்டனர்.

இலங்கை அரசாங்க சேவையிலே இதற்கு ஒரு பெயரே உண்டு: வினைத்திறன்காண் தடை. சம்பளத் திட்டத்தில் ஒரு படியை அடைந்தவன், பரீட்சையில் தேறினாலன்றி அடுத்த படிக்கு ஏறமுடியாது. நிதிப் பிரமாணமும் தாபன விதிகளும் தெரியாதவன் பொதுப்பணத்தைக் கையாளலாகாது என்பது நியாயமே. ஆனால் 'திறன்' என்ற சொல்லோடு 'தடை' என்ற சொல் ஒட்டிப் பிறந்ததைக் கவனியுங்கள். திறமையை வளர்ப்பதற்கென்று சொல்லி வைத்த தடை, வேண்டாதவனை நிறுத்துவதற்கும் உதவும் என்பதை வரலாறு பின்னர் காட்டியது.

கந்தோரின் உள்ளே வேலை எவ்வாறு நடந்தது? கடிதமொன்று வந்தால் வரவுப் பதிவேட்டில் இலக்கம் பெறும், உரிய கோவையிற் சேரும், எழுதுவினைஞன் முன்னைய கடிதங்களை ஆராய்ந்து குறிப்பெழுதுவான், தலைமை எழுதுவினைஞர் பார்ப்பார், அதிகாரி கையொப்பமிடுவார், கோவை மீண்டும் இறங்கி வரும், விடை தட்டெழுத்தில் ஏறும். இந்தப் பாதையில் எந்த இடத்திலும் கோவை உறங்கலாம். அட்டவணையை ஒழுங்காக வைத்திருப்பவனும், நினைவூட்டற் குறிப்பேட்டை நாள்தோறும் புரட்டுபவனும், பத்து வரியிற் சொல்லவேண்டியதை மூன்று வரியில் தெளிவாக எழுதுபவனும் அந்த உறக்கத்தைக் கலைக்கிறார்கள். தவறான இடத்தில் செருகப்பட்ட ஒரு தாளினால் ஒரு விதவையின் ஓய்வூதியம் மாதக்கணக்கில் தாமதிக்கும். அந்தத் தாளைத் தேடிக் கண்டெடுத்தவனே உண்மையான வினைத்திறனாளன். அவனுடைய பெயர் கோவையின் எந்த மூலையிலும் எழுதப்படுவதில்லை.

இயந்திரம் என்று கருதப்பட்டவன் ஒருநாள் பேசினான். 1947இல் அரசாங்க ஊழியர், தொழிற்சங்க உரிமையையும் அரசியல் உரிமையையும் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ரி. பி. இலங்கரத்தின தலைமையிலான அரசாங்க இலிகிதர் சேவைச் சங்கம் அதில் முன்னின்றது. அவ்வாண்டு யூன் 5ஆந் திகதி கொழும்பிலே வேலைநிறுத்தக்காரரின் ஊர்வலத்தின்மீது பொலிஸார் சுட்டதில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் உயிர்நீத்தார். அதே மாதத்தில் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் நிறைவேற்றப்பட்டது. பின்னர் பல தசாப்தங்களாக இந்நாட்டின் அவசரகாலச் சட்டங்களுக்கு அடிப்படையாக விளங்கியது இந்தக் கட்டளைச்சட்டமே. இலங்கரத்தின வேலை நீக்கப்பட்டார். மறு ஆண்டே கண்டித் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

தலைவர் சிங்களவர், தியாகி தமிழர். இருவரும் ஒரே சங்கத்தின் தோழர்கள். மேசையிலே குனிந்திருந்தவன் வீதியிலே நிமிர்ந்தபோது, அவன் மொழி எது என்று துப்பாக்கிக் குண்டு கேட்கவில்லை. இந்த ஒற்றுமை நீடித்திருந்தால் இந்நாட்டின் வரலாறு வேறு திசையிற் சென்றிருக்கக்கூடும்.

நீடிக்கவில்லை. அதற்கு முன்னறிவிப்பாக ஒரு சோதனை வந்தது. அதில் நாம் தேறவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1949இன் சட்டத்தின்கீழ் அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் வரை தவணை அளிக்கப்பட்டது. வந்து குவிந்த விண்ணப்பங்களை ஆராய்ந்தது கந்தோர். தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று போதாது, பத்திரம் முறைப்படி இல்லை என்றெல்லாம் காரணங்காட்டிப் பெருந்தொகையான விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. கொழுந்து பறித்த கைகளுக்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? ஆனால் விதி விதிதான். கோவைகள் இலக்கமிடப்பட்டன, குறிப்புகள் எழுதப்பட்டன, மறுப்புக் கடிதங்கள் பிழையற்ற ஆங்கிலத்தில் அனுப்பப்பட்டன. அலுவலக அளவுகோலின்படி அது குறையற்ற வேலை. மனித அளவுகோலின்படி அதற்கு என்ன பெயர்? கடமையைச் செய்தோம் என்று சொல்லிக்கொண்டவர்களுள் தமிழரும் இருந்தனர் என்பதை எண்ணும்போது தலை குனிகிறோம்.

1956இல் பண்டாரநாயக்க அரசாங்கம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கும் 33ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆங்கிலத்தின் ஆதிக்கத்தை அகற்றவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. கிராமத்துச் சிங்கள விவசாயி, தனக்கு விளங்காத மொழியில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசிப்பவனைத் தேடி அலைந்தது உண்மை. அவனுடைய துயரைத் தீர்க்கவேண்டியது கட்டாயம். ஆனால் அதே துயரை யாழ்ப்பாணத்து விவசாயிக்கும் மட்டக்களப்பு மீனவனுக்கும் புதிதாகச் சுமத்துவது தீர்வாகுமா? 1961 சனவரி முதலாந் திகதி சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. யாழ்ப்பாணக் கச்சேரி முன்னால் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. ஏப்ரலில் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. டிசெம்பர் 4ஆந் திகதி திறைசேரி 560ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை வெளியிட்டது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத அரசாங்க ஊழியரின் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்பது அதன் சாரம்.

கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் 1956க்கு முன்னரே சேவையிற் சேர்ந்தவர். அவர் அந்தப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962இல் அவருக்குரிய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. ஓர் எழுதுவினைஞனின் ஆண்டு ஏற்றம் சிறு தொகைதான். அந்தச் சிறு தொகைக்காக அவர் அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெற்சர், அரச கரும மொழிச் சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மொழிப் பிரச்சினையை அது தொடவில்லை. அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடுக்க இயலாது என்றே சொல்லிற்று. 1969 டிசெம்பரில் இலண்டன் கோமறைக் கழகம் அக்கருத்தை நிராகரித்தது. உழைத்த சம்பளம் உரிமையே என்று கூறி, அரசியலமைப்புப் பற்றிய கேள்வியை மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

அந்தக் கேள்விக்கு இறுதி விடை கிடைக்கவில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி அகற்றப்பட்டது. 1972 மே மாதத்துக் குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. சிங்களம் மட்டும் என்பது அரசியலமைப்பிலேயே ஏறிற்று. அதை வகுத்தளித்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, 1956இல் அதே கொள்கையைப் பாராளுமன்றத்தில் வன்மையாக எதிர்த்த இடதுசாரித் தலைவர். இடதுசாரி இயக்கத்தை நேசிப்பவர்கள் இந்த முரண்பாட்டை மூடிமறைத்துப் பயனில்லை. கந்தசாமியின் குருதி சிந்திய வீதியில் எழுந்த ஒற்றுமை, கால் நூற்றாண்டுக்குள் எவ்வாறு கரைந்தது என்பதை ஆராயாமல் அதை மீண்டும் கட்டியெழுப்ப முடியாது.

பிற்காலத்திலே சட்டம் திருந்தியது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007 யூலைக்குப் பின் சேவையிற் சேர்வோர் மற்ற அரச கரும மொழியிலும் குறித்த காலத்துள் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றுநிருபம் வந்தது. அன்று ஒருவனை வெளியே நிறுத்தப் பயன்பட்ட மொழிப் பரீட்சை, இன்று இருசாராரையும் ஒருவருக்கொருவர் அருகில் கொண்டுவரும் கருவியாக எழுதப்பட்டிருக்கிறது. இடையில் எத்தனை உயிர்கள், எத்தனை வீடுகள், எத்தனை புலம்பெயர்வுகள்! ஆயினும் தமிழிலே விண்ணப்பம் எழுதிச் சென்றவர்க்குச் சிங்களத்தில் மட்டும் விடை வருகின்ற அனுபவம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. சட்டத்தில் ஏறிய மொழி மேசைக்கு வந்துசேர வேண்டும்.

ஆகவே, கேள்வி கேட்ட எமது மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். அட்டவணையை ஒழுங்காக வையுங்கள். குறிப்பைத் தெளிவாக எழுதுங்கள். இன்று முடிக்கக்கூடியதை நாளைக்குத் தள்ளாதீர்கள். கோவைகள் கணினிக்குள் புகுந்துவிட்ட காலத்திலும் அவை உறங்கும் வழக்கத்தை விட்டுவிடவில்லை. சிங்களம் கற்றுக்கொள்ளுங்கள், தண்டனைக்கு அஞ்சியல்ல, எதிரே நிற்கும் மனிதனின் குறையை அவன் மொழியிலேயே கேட்பதற்காக. உங்கள் சிங்களத் தோழன் தமிழ் கற்க விரும்பினால் அவனுக்கு ஆசிரியராகுங்கள். சங்கத்திற் சேருங்கள்; உழைத்த கூலி உரிமை என்பதை நிலைநாட்ட ஓர் எழுதுவினைஞர் ஏழு ஆண்டுகளுக்கு மேல் போராட வேண்டியிருந்ததை மறவாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கோவையைக் கையில் எடுக்கும்போது அதற்குள் இருப்பவர் யார் என்று கேளுங்கள். தோட்டத் தொழிலாளியின் விண்ணப்பத்தைப் பிழையற்ற மொழியில் நிராகரித்தவனும் திறமைசாலி என்றே பாராட்டப்பட்டான். அந்தப் பாராட்டு எமக்கு வேண்டாம். மேசைக்கு அப்பால் நிற்கும் ஏழையின் கால்கடுப்பைக் குறைப்பதே வினைத்திறன். அந்த அளவுகோலை மேலிருப்பவர் வகுத்துத் தரப்போவதில்லை. மேசைக்கு இப்பால் அமர்ந்திருப்பவர்களே அதை வகுத்துக்கொள்ள வேண்டும்.