விடுமுறை யாருக்கு வாய்த்தது? மலையேறிய துரைகளும் நம்மவரும்



பள்ளி விடுமுறை முடிந்து வகுப்பறைக்குத் திரும்பும் முதல் வாரத்தில், தமிழாசிரியர்களாகிய நாம் தவறாமல் கொடுக்கும் கட்டுரைத் தலைப்பு ஒன்று உண்டு. 'விடுமுறையில் நான் சென்ற சுற்றுலா' என்பதே அது. நானும் பல்லாண்டுகளாக அதைக் கொடுத்து வந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேமரன் மலைக்குச் சென்று வந்ததாக இரண்டு பக்கம் எழுதியிருந்தான். பனிமூட்டம், தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரி பழம் என எல்லாம் இருந்தன. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதுவே எனக்கு ஐயத்தை உண்டாக்கிற்று. அருகில் அழைத்துக் கேட்டேன்.

"போனதில்லை டீச்சர். பயிற்சி நூலில் இருந்த மாதிரிக் கட்டுரை. வீட்டில்தான் இருந்தேன் என்று எழுதினால் இரண்டு வரிக்கு மேல் வராதே" என்றான்.

அவன் தந்தை லாரி ஓட்டுநர். லாரி ஓடாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன மதிப்பெண் போடுவது? அன்று தொடங்கியதுதான் இந்தத் தேடல். விடுமுறை என்பது எப்போது, யாரால், யாருக்காக ஏற்பட்டது? சுற்றுலாவுக்குச் சிக்கனமாகத் திட்டமிடுவது எப்படி என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அதற்கு விடை சொல்லப் போனால் இந்த வரலாற்றைத் தொட்டுத்தான் செல்ல வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் 'விடுமுறைக்குப் போவது' என்ற வழக்கம் மலைகளில்தான் தொடங்கியது. அதுவும் உல்லாசத்திற்காக அன்று, உடல்நலத்திற்காக. வெப்பமும் காய்ச்சலும் வெள்ளைக்கார அதிகாரிகளை வாட்டின. உயரமான, குளிர்ந்த இடத்தில் சில வாரங்கள் தங்கினால் உடல் தேறும் என்பது அக்கால மருத்துவர்களின் நம்பிக்கை. பினாங்கில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மலைமீது பாதை வெட்டப்பட்டது. உச்சியில் கொடிக்கம்பம் நடப்பட்டிருந்ததால் நம்மவர்கள் அதனைக் 'கொடிமலை' என்று அழைத்தார்கள். எவ்வளவு அழகான பெயர்! இன்றும் பினாங்குத் தமிழர் வாயில் அப்பெயர் வாழ்கிறது. தைப்பிங் அருகே 1884இல் மெக்ஸ்வெல் மலை உருவாயிற்று. பேராக்கில் உதவி ரெசிடெண்டாக இருந்த வில்லியம் எட்வர்ட் மெக்ஸ்வெலின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1979இல் அது புக்கிட் லாருட் எனப் பெயர் மாற்றம் கண்டது. பிரேசர் மலை 1922இல் திறக்கப்பட்டது.

கேமரன் மலையின் கதை சற்று நீண்டது. அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் அந்த மேட்டுநிலத்தைப் பற்றிய குறிப்பைத் தந்தார். அதன் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் யாரும் பெரிதாக அதைக் கண்டுகொள்ளவில்லை. 1925இல் ஜார்ஜ் மெக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்த பிறகே மலைவாசத் தலமாக்கும் திட்டம் உயிர்பெற்றது. இந்த ஜார்ஜ் மெக்ஸ்வெல் வேறு யாருமல்லர். மேலே சொன்ன வில்லியம் மெக்ஸ்வெலின் மகன்தான். தந்தையின் பெயரில் ஒரு மலை, மகனின் முயற்சியில் இன்னொரு மலை! தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1931இல் நிறைவடைந்தது. அதற்கு முன்பே, 1929இல், ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். இன்று நாம் காரை நிறுத்திப் படம் பிடித்துக்கொள்ளும் அந்தப் பச்சைச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களில் தமிழர்கள் மிகுதி. அவர்களுடைய பிள்ளைகளுக்காகத்தான் அந்த மலையில் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. படம் பிடிக்கும்போது நம் பிள்ளைகளிடம் இதையும் ஒரு வரி சொல்லலாம்.

கொடிமலைக்கு வருவோம். இரயில் வருவதற்கு முன்பு துரைமார்கள் குதிரையிலோ நாற்காலிப் பல்லக்கிலோ மேலே சென்றார்கள். பல்லக்கு என்றால் சுமப்பவர் தோள் வேண்டும். ஓய்வெடுக்கச் செல்பவர் ஒருவர், அவரைச் சுமந்து மலையேறுபவர் பலர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலை இரயில் அமைக்க நடந்த முதல் முயற்சி தோல்வியுற்றது. இரண்டாம் முயற்சியில்தான் 1923இல் இரயில் ஓடத் தொடங்கி, 1924 சனவரி முதல் நாள் அதிகாரப்பூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது. பயணச்சீட்டு வாங்கக்கூடிய எவரும் மலையேறலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. அந்தப் பழைய இரயிலில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். என் தலைமுறையினருக்கு அது நினைவிருக்கும். 2010இல் அதை நிறுத்தி, 2011இல் நேரே உச்சிக்குச் செல்லும் புதிய வண்டியை விட்டார்கள். விரைவாகப் போய்விடுகிறது. எனக்கென்னவோ அந்த மெதுவான பயணத்தில்தான் காடு கண்ணில் பட்டது போலத் தோன்றுகிறது.

இனி மலையடிவாரத்தைப் பார்ப்போம். துரைமார் காய்ச்சலுக்கு அஞ்சி மலையேறிய அதே காலத்தில், ரப்பர் தோட்டங்களில் மலேரியாவால் மடிந்தவர்கள் நம் முன்னோர். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ரோஸ் 1897இல் இந்தியாவில் கண்டறிந்தார். 1901இல் கிள்ளானில் மருத்துவராகப் பணியாற்றிய மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி நோயைக் கட்டுப்படுத்திக் காட்டினார். பிறகு தோட்டங்களிலும் அந்த முறை மெல்லப் பரவியது. நோய் தீர்க்கும் ஓய்வு யாருக்கு மிகுதியாகத் தேவைப்பட்டதோ, அவர்களுக்கு மலை இல்லை. வடிகால் கிடைத்ததே பெரும்பேறு.

விடிவதற்கு முன் பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தால்தான் அன்றைக்குக் கூலி. பெயர் இல்லையென்றால் கூலி இல்லை. சஞ்சிக் கூலி முறை 1910இல் ஒழிந்தது என்று பாடநூலில் படிக்கிறோம். எனினும் நாள் கூலிக்காரருக்கு ஓய்வு என்பது பட்டினியின் இன்னொரு பெயராகவே நீடித்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கூலி உயர்வு மட்டும் அன்று. வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். துரை எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து செல்ல வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையை முதன்முதலில் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டேன். சொந்தத் தங்கை வீட்டுக்கு வந்து போவதற்கே போராட வேண்டியிருந்த மக்களுக்கு 'சுற்றுலா' எங்கிருந்து வரும்? அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

வெளிநாடுகளிலும் ஏழைக்கு விடுமுறை எளிதில் கிடைத்துவிடவில்லை. இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் 1841 ஜூலை 5ஆம் நாள் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரை இரயிலில் அழைத்துச் சென்றார். கட்டணம் ஒரு ஷில்லிங். அது மதுவிலக்குக் கூட்டத்திற்கான பயணம் என்பதை நம் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்! கூட்டமாகச் சென்றால் செலவு குறையும் என்ற எளிய கணக்கை அவர் பெருந்தொழிலாக்கினார். பிரான்சில் 1936 ஜூன் மாதம் தொழிலாளர் அனைவருக்கும் இரு வார ஊதிய விடுப்பு சட்டமாயிற்று. லியோ லக்ராஞ்ச் என்ற இளம் அமைச்சர் அவர்களுக்காக நாற்பது விழுக்காடு குறைந்த கட்டணத்தில் இரயில் சீட்டு ஏற்பாடு செய்தார். வாழ்நாளில் கடலையே பார்த்திராதவர்கள் அந்தக் கோடையில் கடற்கரைக்குச் சென்றார்கள்.

அதே 1936ஆம் ஆண்டு அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம், ஓராண்டு பணியாற்றியவருக்குக் குறைந்தது ஆறு வேலைநாள் ஊதிய விடுப்பு தரவேண்டும் என்ற உடன்படிக்கையை ஏற்றது. அதில் ஆலைத் தொழிலாளர் இருந்தனர், வணிக நிலைய ஊழியர் இருந்தனர். விவசாயத் தொழிலாளர் இல்லை. அவர்களுக்கென்று தனி உடன்படிக்கை 1952இல்தான் வந்தது. பதினாறு ஆண்டு இடைவெளி! பால் வெட்டுபவரும் கொழுந்து பறிப்பவரும் வரிசையில் கடைசியாகவே நிறுத்தப்பட்டனர். இங்கே 1954இல் பி. பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. இன்றைய நிலையில் அச்சட்டப்படி ஈராண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 8 நாள், ஐந்தாண்டு வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள் ஊதிய விடுப்பு உண்டு. பெற்றோர்களில் எத்தனை பேர் அதை முழுமையாக எடுக்கிறார்கள், எத்தனை பேருக்கு அது தங்கள் உரிமை என்றே தெரியும் என்பது வேறு கேள்வி.

அப்படியானால் நம் பாட்டன் பாட்டிமார் எங்குமே போகவில்லையா? போனார்கள். திருவிழாவுக்குப் போனார்கள். தம்புசாமிப் பிள்ளை பத்துமலையில் கோயில் நிறுவிய பின் 1892 முதல் அங்குத் தைப்பூசம் நடைபெற்று வருகிறது. பினாங்குத் தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை, பங்குனி உத்திரத்திற்கு மாரான் மரத்தாண்டவர் என்று நம்மவரின் மலைவாசத் தலங்கள் வேறாக இருந்தன. நான் தோட்டத்தில் வளர்ந்தவள். ஆண்டுக்கு ஒருமுறை லாரியில் பலகை போட்டு, தோட்டமே பத்துமலைக்குப் புறப்படும். புளிச்சோறும் தயிர்ச்சோறும் ஈயத் தூக்கில் வரும். ஆற்றங்கரையில் துணி விரித்துப் படுப்போம். என் தந்தைக்கு அன்றைய கூலி போய்விடும் என்பது பெரியவளான பிறகே எனக்குத் தெரிந்தது. செலவுக்கான பணத்தைத் தாயார் தீபாவளி முடிந்த கையோடு பால்மாவு டின்னில் சேர்க்கத் தொடங்கிவிடுவார். பயணத் திட்டமிடல் என்று இன்று நாம் சொல்வதை அந்த டின்னில் பார்த்தேன். தேதி முன்கூட்டியே தெரியும், வண்டிச் செலவைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள், உணவு வீட்டிலிருந்து வரும், இரண்டு மணி நேரம் படியேறி இறங்குவதால் உடலுக்கும் வேலை உண்டு. தாமஸ் குக்கும் இதைத்தான் செய்தார்.

கையில் கொஞ்சம் பணம் புழங்கத் தொடங்கியதும் இதையெல்லாம் நானே மறந்தேன். ஒருமுறை மூன்று நாளில் மூன்று மாநிலம் என்று திட்டம் போட்டேன். பிள்ளைகள் காரிலேயே உறங்கி, காரிலேயே உண்டார்கள். கடைசி நாள் இளைய மகளுக்குக் காய்ச்சல். பணமும் போயிற்று, ஊரும் மனத்தில் நிற்கவில்லை. மறுமுறை ஒரே ஊர், இரண்டு இரவு என்று முடிவெடுத்துத் தைப்பிங்கைத் தேர்ந்தெடுத்தோம். இரயிலில் சென்றோம். அந்த ஊருக்கு இரயிலில் போவதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. 1885 ஜூன் முதல் நாள் நம் நாட்டின் முதல் இரயில் ஓடியது தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையேதான். ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்ல அமைந்த பாதை அது. அதை இட்ட தொழிலாளர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அங்குள்ள ஏரிப் பூங்கா பழைய ஈயச் சுரங்கக் குழிகளில் 1880இல் உருவானது. நடப்பதற்குக் கட்டணம் இல்லை. சாலையின் மேல் வளைந்து நீரைத் தொடும் மழைமரங்களுக்குக் கீழே காலையும் மாலையும் நடந்தோம். 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம், இந்நாட்டின் மிகப் பழையது, அருகிலேயே இருக்கிறது. தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர், குடை கட்டாயம். மெக்ஸ்வெல் மலைக்குச் செல்ல விரும்புவோர், மண்சரிவால் பாதை மூடப்பட்டிருக்கக் கூடுமாதலால், முன்னரே விசாரித்துக் கொள்ளுங்கள்.

மேலும் சில குறிப்புகள். ஆண்டிறுதி விடுமுறை கிழக்குக் கரையில் மழைக்காலம். தீவுகளுக்குத் திட்டமிட்டு ஏமாற வேண்டாம். வார நாளில் தங்குவது வார இறுதியைவிடப் பெரும்பாலும் மலிவு. கொடிமலை இரயிலில் மைகாட் வைத்திருப்போருக்குக் கட்டணம் குறைவு. வரவு செலவுக் கணக்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எந்தக் கணிதப் பயிற்சி நூலையும் விட அதில் அவர்கள் கவனமாகக் கூட்டிக் கழிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

அந்த மாணவனின் கட்டுரைக்கு வருவோம். நான் மதிப்பெண் போடவில்லை, தலைப்பை மாற்றினேன். 'விடுமுறையில் அப்பா வீட்டில் இருந்த ஒரு நாள்' என்று வகுப்பு முழுவதற்கும் கொடுத்தேன். அவன் மூன்று பக்கம் எழுதினான். தந்தையின் லாரியில் முன்னிருக்கையில் அமர்ந்து கிள்ளான் துறைமுகம் வரை போய் வந்ததையும், வழியில் இருவரும் ஒரு தட்டு மீ கோரேங்கைப் பகிர்ந்து உண்டதையும் எழுதியிருந்தான். பதினொரு எழுத்துப்பிழைகள் இருந்தன.